ஏற்காட்டு மொச்சை: பிஞ்சு, பச்சை, நெத்து மூன்றும் ஒரே சமயத்தில் வருகிறது, எதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நாகலூர்வேலி:

வணக்கம். ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். காப்பிச் செடிக்கு வெளியே வேலியோரம் ஆடியில் ஊன்றிய நாட்டு மொச்சை. கார்த்திகையில் பூத்து, இப்போது ஒரே கொடியில் பிஞ்சும் இருக்கு, கொட்டை நிறைஞ்ச பச்சைக்காயும் இருக்கு, அடியில நெத்தும் தொங்குது. வாரம் பத்துப் பன்னிரண்டு கிலோ காய் இறங்குது. பொங்கல் வரைக்கும் நல்ல விலை. இப்போ சேலம் உழவர் சந்தைக்குக் கொண்டுபோனா வண்டிக்கூலிக்கே சரியாப் போகுது. அதனால வீட்டுக்கே வருஷம் முழுக்க வச்சுக்கலாம்னு இருக்கோம்.

பிரச்சினை மூணு. உரிச்ச பச்சைக்கொட்டையை அப்படியே கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சா ஒரு மாசத்துல வைக்கோல் வாடை அடிக்குது, தோல் ரப்பராட்டம் இழுக்குது. நெத்தை உடைச்சு டப்பாவுல வச்சா மாசி முடியறதுக்குள்ள வண்டு குத்திருது, டப்பா நல்லா மூடித்தான் இருக்கு, எப்படிப் போகுதுன்னே தெரியல. மூணாவது, இங்க காலையில பத்து மணி வரைக்கும் பனி. காயப்போட்டா காயறதுக்கு முன்னாடி பூஞ்சை பிடிக்குது.

உப்புத்தண்ணியில கொதிக்க வச்சு கண்ணாடி பாட்டில்ல அடைச்சு வைக்கற வீடியோ பார்த்தேன், அது சரிப்படுமா? அடுத்த ஆடிக்கு விதையும் இதுலேயே எடுக்கணும்.

அஸ்தம்பட்டி_மாடித்தோட்டம்:

பாட்டில் வேண்டாங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், மத்ததைப் பிறகு பேசலாம்.

மொச்சைக்குப் புளிப்பு கிடையாது. புளிப்பில்லாத காய்கறியைக் காற்றுப் புகாத பாட்டில்ல அடைச்சா, மண்ணிலிருந்து வர்ற கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமியோட வித்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அந்த வித்து கொதிநீருக்குச் சாகாது. ஏற்காட்டுல நிலைமை இன்னும் மோசம்: கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிரும், எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் அதுக்கு மேல ஏறாது. வித்தைக் கொல்ல 115 டிகிரிக்கு மேல, அழுத்தத்துல, கணக்குப் பார்த்து நேரம் நிறுத்தி வைக்கணும். அதுக்குன்னு அழுத்தமானி வச்ச பெரிய பாத்திரம் இருக்கு. நம்ம வீட்டு குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிடும். பாட்டிலோட நடுப்பகுதி எத்தனை டிகிரிக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்க வழியே இல்லை. கெட்டுப்போனா வாடை வரும், பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க. அந்தக் கிருமி விடற நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எண்ணெய் ஊத்தி மூடினாலும் இதே கதைதான், காற்று இன்னும் நல்லா அடைபடும். உப்பும் வினிகரும் சேர்த்து ஊறுகாய் போடறது வேற. அதுல புளிப்பு காப்பாத்துது.

ஃப்ரீசர் வாடைக்குக் காரணம் கொதிநீர்ல வாட்டாம வச்சதுதான். கொட்டைக்குள்ள இருக்கற நொதிகள் குளிர்லயும் மெதுவா வேலை செய்யும், அதுல இருக்கற கொழுப்பை உடைக்கும். அந்த வாடைதான் வைக்கோல் வாடை. வாட்டினா அது நின்னுரும்.

அளவு இது. அரைக் கிலோ உரிச்ச கொட்டைக்கு 4 லிட்டர் தண்ணி, நல்லா புரண்டு கொதிக்கணும். கொட்டையைப் போட்டதும் ஒரு நிமிஷத்துக்குள்ள மறுபடி கொதி வரணும். வரலைன்னா கொட்டை அதிகம், பாதியாக் குறைங்க. கொதி திரும்பினதிலிருந்து சின்னக் கொட்டைக்கு 2 நிமிஷம், பெருசுக்கு 3. சமவெளிக்கு இது போதும். ஏற்காட்டு உயரத்துக்கு இன்னொரு நிமிஷம் கூட்டிக்கங்க. பிறகு உடனே ஐஸ் தண்ணியில கொட்டணும், வாட்டின அதே நேரம் அதுல கிடக்கணும். வெறும் குழாய்த் தண்ணி மலையில குளிர்ச்சியாத்தான் இருக்கும், ஆனா கொட்டைச் சூட்டுக்கு ரெண்டே நிமிஷத்துல வெதுவெதுன்னு ஆயிரும், வேக்காடு நிக்காம கொட்டை குழைஞ்சிரும். ஐஸ் கட்டியைக் கொட்டையோட எடைக்குச் சமமா முன்னாடியே போட்டு வச்சிருங்க. சோடா உப்பு போட்டா பச்சை நிறம் நிக்கும்னு சொல்வாங்க. நிறம் நிக்கும், கொட்டை கூழாப் போகும், வைட்டமினும் போகும். போடாதீங்க.

வடிச்சு, துணியில பரப்பி மேல் ஈரம் முழுசா போகணும். அப்புறம் எவர்சில்வர் தட்டுல ஒத்தை அடுக்காப் பரப்பி ஃப்ரீசர்ல வச்சு, தனித்தனியா உறைஞ்சதும் கவர்ல போட்டு காற்றை அழுத்தி எடுத்துட்டு மூடுங்க. ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு ஒரு கவர், கால் கிலோன்னா கால் கிலோ. தோல் இழுக்கறதுக்கு ஈரமும் காற்றும்தான் காரணம்: மேல ஒட்டியிருக்கற தண்ணி பனியாகி, அந்தப் பனி கொஞ்சம் கொஞ்சமா காத்துல போகும்போது கொட்டையோட ஈரத்தையும் கூட இழுத்துக்கும்.

முக்கியமா, ஒரே நாள்ல பத்துக் கிலோவையும் அடைக்காதீங்க. ஃப்ரீசர் கொள்ளளவு 28 லிட்டர்னா ஒரு நாளைக்கு ஒரு கிலோ, அதுக்கு மேல போனா மெதுவா உறையும். மெதுவா உறைஞ்சா ஐஸ் கட்டி பெருசாகி உள்ள கிழிச்சிரும், கரைஞ்சதும் தளதளன்னு நீர் விடும். −18 டிகிரியில ஒரு வருஷம் வரைக்கும் குறையில்லாம இருக்கும். சமைக்கும்போது கரைய விடாதீங்க, உறைஞ்சபடியே கொதிக்கற குழம்புல போடுங்க.

செவ்வாய்ப்பேட்டை_தானியம்:

பச்சைக்கொட்டையைப் பத்தி மேல சொன்னதோட நான் உடன்படறேன். நெத்தைப் பத்தி மட்டும் எழுதறேன், வண்டுதான் உங்க பெரிய தொல்லை.

டப்பா மூடியிருந்தும் எப்படிப் போகுதுன்னு கேட்டீங்க. டப்பாவுக்குள்ள போகலைங்க, தோட்டத்திலேயே ஏறி வந்திருது. பயறு வண்டு கொடியில காய் முத்தும்போதே வந்து நெத்தோட மேல்தோல்ல முட்டை வைக்கும், நெத்து வெடிச்சிருந்தா நேரா கொட்டை மேலயே வைக்கும். முட்டை கடுகை விடச் சின்னது, வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கும். நல்ல வெளிச்சத்துல கொட்டையைத் திருப்பிப் பாருங்க, தெரியும். அதிலிருந்து புழு நேரா துளைச்சு உள்ள போயிரும். உள்ளேயே தின்னு, கூடு கட்டி, கொட்டைத் தோல்ல வட்டமா ஒரு மெல்லிய ஜன்னல் மட்டும் விட்டு வைக்கும். வண்டு அதைத் தள்ளிட்டு வெளிய வர்ற அன்னைக்குத்தான் நமக்குத் தெரியுது. வெக்கையில இதுக்கு ஒரு மாசம் போதும். உங்க குளிர்ல கொஞ்சம் கூட ஆகும், அதனாலதான் மாசிக் கடைசியில தெரியுது.

அதனால வேப்பிலை, நொச்சி, வசம்பு இதெல்லாம் புதுசா வர்ற வண்டை விரட்டும், ஏற்கெனவே கொட்டைக்குள்ள இருக்கற புழுவைத் தொடாது. நல்ல வழக்கம்தான், ஆனா அதையே நம்பினா ஏமாற்றம்தான். இலை போடறதா இருந்தா நிழல்ல சுருளக் காயவச்ச இலையாப் போடுங்க. பச்சை இலையைப் போட்டா அதோட ஈரத்தைக் கொட்டை குடிச்சு பூஞ்சைக்கு வழி ஆயிரும்.

முதல் வேலை, நெத்தைக் கொடியில விட்டு வைக்காதீங்க. முழுசா பழுப்பாகி, அசைச்சா உள்ள கலகலன்னு சத்தம் வந்தா அன்னைக்கே பறிங்க. ஒரு வாரம் தள்ளினா பனியிலயும் வெயில்லயும் மாறி மாறி நனைஞ்சு காஞ்சு நெத்து வெடிக்கும், வண்டுக்கு வாசல் திறந்து கொடுத்த மாதிரி. வாரத்துக்கு ரெண்டு பறிப்பு வேணும். காய்த்துளைப்பான் புழு ஓட்டை போட்ட நெத்தைத் தனியா வச்சு அன்னைக்கே உடைச்சு சமைச்சிருங்க, சேமிப்புல கலக்க வேண்டாம்.

ரெண்டாவது, ஈரம். நாங்க பார்க்கறது பல்லுல கடிச்சு: கொட்டை பள்ளம் விழுந்தா ஈரம், சட்டுனு வெடிச்சு ரெண்டா உடைஞ்சா சரி. இன்னொரு சோதனையும் இருக்கு. நல்லா காஞ்ச பொடி உப்பு ரெண்டு ஸ்பூன், ஒரு பிடி கொட்டை, ரெண்டையும் காஞ்ச கண்ணாடி பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி கால் மணி நேரம் வைங்க. உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டினா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு, சேமிக்கவே கூடாது. ஒட்டலைன்னாலும் இன்னும் ரெண்டு வெயில் கொடுத்துட்டுத்தான் மூடணும். பயறுக்கு 10 சதவீதத்துக்குக் கீழ வரணும். காப்பிக்கு வச்சிருக்கற ஈரமானியில போட்டுப் பார்க்காதீங்க. அது காப்பிக் கொட்டைக்குன்னு அளவு வச்சது, மொச்சைக்குத் தப்பா காட்டும்.

காயவைக்க இடம்: காப்பிக் களத்துலேயே பரப்பறது வேண்டாம். ஈரக் காப்பி பக்கத்துல இருந்தா அந்த ஈரமும் புளிச்ச வாடையும் கொட்டை இழுத்துக்கும். பனி நீங்கினப்புறம் 10 மணிக்கு விரிச்சு, நாலு மணிக்கு முன்னாடியே உள்ள எடுத்துருங்க. சாயங்காலம் விட்டா பகல்ல போன ஈரம் திரும்ப ஏறிடும். தரையில நேரா போடாம, தார்ப்பாய் விரிச்சு ஒரு விரற்கடை கனத்துல. ராத்திரி சூட்டோட மூடி வைக்காதீங்க, வேர்த்துப் போகும், ஆறவிட்டு மூடுங்க. யாராவது சேலத்துக்கு இறங்கினா மூட்டையாக் கொடுத்து அனுப்புங்க. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிட்டா தை, மாசியில மூணு வெயில்ல முடியற வேலை. மேல ஒரு வாரம் இழுக்கும்.

மூணாவது, புழுவைக் கொல்றது. ரெண்டு வழி.

சேலத்துல இருந்தா வெயில். கறுப்பு பாலிதீன் விரிச்சு அதுமேல ஒரு விரற்கடை கனத்துக்குக் கொட்டை, மேல கண்ணாடி மாதிரி தெரியற பாலிதீன் போட்டு நாலு ஓரமும் கல் வச்சு அழுத்தி, 11 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் விடுங்க. உள்ள 60 டிகிரி வரைக்கும் ஏறும். கொட்டை முழுக்க 57 டிகிரியில ஒரு மணி நேரம் இருந்தா முட்டை, புழு, கூடு எல்லாம் செத்துரும். இதைச் சமைக்கிற கொட்டைக்கு மட்டும் செய்யுங்க, விதைக்கு வேண்டாம்.

மலையில அந்தச் சூடு வராது, அங்க ஃப்ரீசர். நல்லா காஞ்ச கொட்டையைக் காற்றுப் புகாத கவர்ல ஒரு வாரம் −18ல வைங்க. வெளிய எடுத்ததும் கவரைத் திறக்காதீங்க. ஒரு முழு நாள் மூடின கவராவே வெளிய இருக்கட்டும். உடனே திறந்தா குளிர்ந்த கொட்டை மேல காத்தோட ஈரம் வேர்த்து நிக்கும், அத்தனை நாள் காயவச்சது வீண்.

பிறகு சேமிப்பு. சோடா பாட்டில் நல்லது. கழுவி முழுசா காயவச்சு, கழுத்து வரைக்கும் தட்டித் தட்டி நிரப்பி இறுக மூடுங்க. பாதி பாட்டில்ல காத்து நிறைய இருக்கும், வண்டு பெருகும். முழு பாட்டில்ல தப்பிப் பிழைச்ச ஒண்ணு ரெண்டும் இருக்கற காத்தைத் தீர்த்துட்டுச் செத்துரும், ஆனா அதுக்கு ரெண்டு மாசம் திறக்காம இருக்கணும். அதனால சின்ன பாட்டிலா வைங்க, தினம் எடுக்கறதுக்கு ஒண்ணைத் தனியா வச்சுக்கங்க.

செம்மண் கட்டறதும் இருக்கு, இந்தப் பக்கம் நிறைய வீட்டுல இன்னும் செய்யறாங்க. சலிச்ச செம்மண்ணைத் தண்ணியில குழைச்சு கொட்டை மேல மெல்லிசா பூசி அன்னைக்கே வெயில்ல காயவைக்கணும். மண் பூச்சு மேல வண்டுக்கு முட்டை ஒட்ட வராது. ஆனா குழைச்ச ஈரத்துல ராத்திரி முழுக்க விட்டா கொட்டை ஊறிக்கும். மலைப் பனியில இதைச் செய்யாதீங்க. விளக்கெண்ணெய் பூசறவங்க கிலோவுக்கு 5 மில்லி போதும், கையில தேய்ச்சு ஒவ்வொரு கொட்டையும் மின்னணும்.

கடையில தானியத்துக்குப் புகைபோடற செல்பாஸ் மாத்திரை கொடுத்தா வாங்கவே வாங்காதீங்க. அதிலிருந்து வர்ற புகை ஆளையே கொல்லும். வீட்டுக்குள்ள வைக்கற பொருள் இல்லை.

நாகலூர்வேலி:

ரொம்ப நன்றிங்க. நெத்தை ரெண்டு தடவை பறிக்கணும்னு தெரியாம போச்சு, இங்க எல்லாம் மொத்தமா ஒரே தடவைதான் பறிக்கறோம். ரெண்டு சந்தேகம். பிஞ்சு அதிகமா வர்றதை என்ன பண்ணலாம்? பிதுக்குப் பருப்பு போட்டு வச்சா வண்டு வராதுன்னு வீட்டுல சொல்றாங்க, நிஜமா?

விதைக்கு ஃப்ரீசர் வைக்கலாமா? கூடவே தெரிஞ்சவங்க கொடுத்த விதைப் பாக்கெட்டுல வந்த பிராட் பீன்ஸ் நாலு செடி நிக்குது, கொடி ஓடல, தண்டு சதுரமா நேரா நிக்குது. அதையும் இதே மாதிரி வைக்கலாமா?

தாதகாப்பட்டி_அடுப்படி:

பிஞ்சுக்கு வத்தல்தான் சரிங்க. நாரை ரெண்டு பக்கமும் உரிச்சு, பெரிய காயா இருந்தா நீளவாக்குல ரெண்டா. கிலோவுக்கு 30 கிராம் கல் உப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், மூழ்கற அளவு தண்ணி. தண்ணி கொதிச்சதும் காயைப் போட்டு மூணு நாலு நிமிஷம், பாதி வேக்காடு. முழுசா வெந்தா துணியில ஒட்டிக்கும், எடுக்கும்போது கிழியும். வடிச்சுத் துணியில பரப்பி மதியம் ஒரு தடவை திருப்பிப் போடுங்க. ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஒரு வெயில். ஒரு கிலோ காய்க்கு 120 லிருந்து 150 கிராம் வரைக்கும் வத்தல் கிடைக்கும். முதல் நாள் வெயில்தான் முக்கியம். முதல் நாளே மூடாப்பு போட்டா காய் புளிச்சு வழவழன்னு ஆயிரும், பிறகு எத்தனை வெயில் கொடுத்தாலும் அந்த வாடை போகாது. வானத்தைப் பார்த்துட்டுத்தான் அடுப்புல தண்ணி வைங்க. சூடுகாற்று உலர்த்திப் பெட்டி இருந்தா 55 லிருந்து 60 டிகிரி, எட்டுப் பத்து மணி நேரம். காரக்குழம்புக்கு கால் மணி நேரம் சுடுதண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊத்திட்டுப் போடுங்க, இல்லைன்னா உப்பு கரிக்கும்.

பிதுக்குப் பருப்பு: வீட்டுல சொல்றதுல உண்மை இருக்கு. வண்டு வழவழன்னு இருக்கற தோல் மேலதான் முட்டை வைக்க விரும்பும். தோல் எடுத்து ரெண்டா உடைஞ்ச பருப்புல அதிகம் வராது. வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன், ஈரம் நின்னா எதுவும் வரும். காஞ்ச கொட்டையை எட்டு மணி நேரம் ஊறவச்சு, நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்துங்க, இல்லைன்னா நுரைச்சுப் புளிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கொட்டையோட கண் இருக்கற பக்கத்தை உங்களைப் பார்த்து வச்சு அழுத்துங்க, எதிர்ப்பக்கமா பருப்பு வழுக்கிட்டு வரும். தோல் கிழிஞ்சு பருப்புல ஒட்டினா ஊறல் பத்தலைன்னு அர்த்தம். பிதுக்கினதை உடனே வெயில்ல போடணும். மதியத்துல ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள புளிச்சிரும், அதனால ராத்திரி ஊறப்போட்டு விடிஞ்சதும் உட்காருங்க. மலைப் பனிக்கு இதையும் கீழதான் காயவைக்கணும். ரெண்டு வெயில்ல காஞ்ச பருப்பு எண்ணெயில பொரிச்சாலும் ஆகும், குழம்புக்கும் ஆகும்.

காஞ்ச கொட்டையை எப்ப சமைச்சாலும் ஊறவச்ச தண்ணியைக் கொட்டிருங்க. மொச்சையில கசப்பும், வயித்துக்குச் சேராத சிலதும் அந்தத் தண்ணியில இறங்கியிருக்கும். கறுப்பு, அடர் செம்மை நிறக் கொட்டையா இருந்தா ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியையும் மாத்தணும். வருஷம் தாண்டின கொட்டை வேக மாட்டேங்குதுன்னா அடுப்புக் குத்தம் இல்லை, வெக்கையிலயும் ஈரத்துலயும் கிடந்து கடினப்பட்டுப் போச்சு. ஊறவைக்கற லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் உப்பு போட்டுப் பாருங்க, ஓரளவு இளகும்.

செவ்வாய்ப்பேட்டை_தானியம்:

விதைக்கு: முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் வேண்டாம். நடுப் பருவத்துல, நோயில்லாத நாலஞ்சு கொடியில நெத்தைக் கயிறு கட்டி அடையாளம் வச்சு விடுங்க. உடைச்சதும் காலை வெயில், சாயங்கால வெயில் மட்டும். 12 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் நிழலுக்கு எடுத்துருங்க, உச்சி வெயில் முளைப்பைக் கெடுக்கும். கல்லுல வச்சுச் சுத்தியல்ல தட்டினா நசுங்காம தூளா உடையற அளவு காஞ்ச விதையா இருந்தா ஃப்ரீசர் தாராளமா ஆகும். ஈரம் இருந்தா உள்ள முளைக்கரு உறைஞ்சு செத்துரும், வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆடியில ஊன்றினப்புறம்தான் தெரியும். அதனால வைகாசியிலேயே இருபது விதையை ஈரச் சாக்குல சுருட்டி வச்சு முளைப்புப் பாருங்க. பதினாறுக்குக் குறைஞ்சா குழிக்கு ஒரு விதை கூடப் போடுங்க.

அஸ்தம்பட்டி_மாடித்தோட்டம்:

அந்தச் சதுரத் தண்டுச் செடி வேற இனம், விசியா ஃபாபா. மொச்சை இல்லை. வாட்டறதும் உறைய வைக்கறதும் இதே முறைதான், ஏற்காட்டுக் குளிர் அதுக்கு நல்லாவே ஒத்துக்கும். ஆனா வீட்டுல யாருக்காவது ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ரத்தத்துல ஒரு நொதி குறைவா இருக்கறது) இருந்தா அந்தக் கொட்டையைக் கொடுக்கவே கூடாது, ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை மாதிரி வந்துரும், குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். உறைய வச்சாலும், காயவச்சாலும், வேகவச்சாலும் அதுக்குக் காரணமான பொருள் முழுசா போறதில்லை. கவர் மேல பேரும் தேதியும் எழுதி மொச்சையிலிருந்து தனித் தட்டுல வைங்க. உறைஞ்சப்புறம் உரிச்ச கொட்டை ரெண்டும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும்.

கரண்ட் போனா ஃப்ரீசர் கதவைத் திறக்காதீங்க. நிறைஞ்ச ஃப்ரீசர் மூடியிருந்தா ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதி நிறைஞ்சது ஒரு நாள். காலி இடத்துல தண்ணி பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய விட்டு வைங்க. திரும்ப வந்தப்புறம் கவருக்குள்ள ஐஸ் படிகம் இன்னும் தெரிஞ்சா மறுபடி உறையட்டும், கரைஞ்சும் குளிர்ச்சி போகாம இருந்தா அன்னைக்கே குழம்பு வச்சிருங்க, குளிர்ச்சியும் போயிருந்தா கொட்டிருங்க.